இரண்டு தரம் எண்ணிய கான்கிரீட்

“அம்மா, ஆயிரம் மணி நேரம் முடிஞ்சுபோச்சு. தீட்சை எப்போ?”

கேட்டவர் குலோத்துங்கன். முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தீட்சை வாங்காமல் வீடு திரும்புவதில்லை என்று சபதம் போட்டு மலையடிவார மடத்துக்கு வந்திருந்தார். மடத்துத் தலைவி மங்கையர்க்கரசி அம்மைக்கு அவருடைய மகள் வயதுதான்.

அம்மை ஒரு வரைபடத்தையும் பேனாவையும் நீட்டினார்.

“சாப்பாட்டுக் கூடத்துக்கு மேல்தளம் போடணும். கான்கிரீட் எவ்வளவு ஆகும்னு பாத்துச் சொல்லுங்க ஐயா.”

முக்தி கேட்டு வந்தவனுக்கு எஸ்டிமேட் வேலையா! மனுஷனுக்கு எரிச்சல்தான். ஆனாலும் பேனாவைப் பார்த்ததும் கை பரபரத்தது.

கட்டம் கட்டமான தளம். அதைக் கீழிருந்து தாங்கும் குட்டி பீம்களுக்கு ரிப் என்று பெயர். நெட்டுக்கு ஏழு ரிப், குறுக்கே ஒன்பது. அரை மணியில் கணக்கு தயார். முகத்தில் பெருமை வழிந்தது.

அம்மை இரண்டு ஆட்காட்டி விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே வைத்துக் காட்டினார்.

“நெட்டு ரிப்பும் குறுக்கு ரிப்பும் சந்திக்கிற இந்த இடம் எதோட கணக்குல வருது?”

“ரெண்டுலயும்தான்.”

“அங்க மட்டும் ரெண்டு தடவை ஊத்துவாங்களா?”

அவருக்குக் காது வரை சுட்டது. அறுபத்துமூன்று சந்திப்பு! டிப்ளமா படிக்கிறவன்கூட இப்படிச் செய்யமாட்டான். அவசரமாக அடித்துத் திருத்தினார்.

“அந்த ஆயிரம் மணி எப்படி வந்துச்சு?”

“ஜபம் ஐநூறு. மலையைச் சுத்தினது ஐநூறு. நோட்டுல தேதிவாரியா இருக்கும்மா.”

“சுத்தும்போது வாய் சும்மாவா இருந்துச்சு?”

“சும்மா இருப்பேனா? ஜபம் பண்ணிக்கிட்டேதான்...”

இங்கேயும் ஒரே நேரம் இரண்டு கணக்கில்!

அவரே நோட்டை எடுத்தார். ஐநூறை அடித்தார்.

“உள்ளதைச் சொல்லிடறேன். மிச்சத்துல பாதி நேரம் மனசுக்குள்ள மாப்பிள்ளையோட சண்டை.”

இருநூற்றைம்பது போயிற்று.

“அப்புறம்?”

“மீதி நேரம் எத்தனை மணி ஆச்சுன்னு கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே நடந்தேன்மா.”

அதையும் அடித்தார். கண் கலங்கிவிட்டது. வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“இப்போ மிச்சம் என்ன?”

“ஒண்ணும் இல்லம்மா. பெட்டியைக் கட்டறேன்.”

“காலையில குளிச்சிட்டு வாங்க. தீட்சை.”

குலோத்துங்கன் திடுக்கிட்டார்.

“அப்போ அந்த ஆயிரம் மணி நேரம்?”

“நான் எப்ப கேட்டேன்? அது நீங்க போட்ட எஸ்டிமேட்.”