குருவி நடையை விட்ட கதை

குருவியும் மனுசரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சிட்டுக்குருவிக்கும் நடை இருந்தது. காக்கையைப் போல, மைனாவைப் போல, ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே வைத்து வாசலெல்லாம் நடக்கும்.

கூலிக்கு நெல் குத்தும் வேலாத்தாளின் கூரை இடுக்கில் ஒரு குருவிக் குடும்பம் இருந்தது. பெண்குருவி பேர் சிட்டாள். புருசன் கருங்கழுத்தன். கூட்டில் இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள். வேலாத்தாள் முறத்தைத் தட்டிப் புடைக்கும்போது நொய்யரிசி சிதறும். சிட்டாள் முறத்தடியிலேயே நின்று பொறுக்குவாள். அன்றன்றைக்கு உள்ளதுதான். மிச்சம் விழாது; ஆனால் குஞ்சுகள் வயிறு காய்ந்து தூங்கியதும் இல்லை.

அன்றும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே போயிருந்த கருங்கழுத்தன் வந்து இறங்கினான்.

"ஏ புள்ள, இன்னமும் இந்த நொய்தானா? மேட்டுக்களத்துல நெல்லு மலையாட்டம் குமிச்சுக் கெடக்குது. மைனா என்னையப் பாத்து, முறத்துச் சிந்தலுக்குக் காத்துக் கெடக்கற ஆளுன்னு சிரிக்கறா."

"சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறா. அவ சிரிப்பு நம்ம குஞ்சுக வயித்த நெறச்சுருமாங்க?"

"ஒருநா வந்து பாரு. அப்புறம் பேசு."

சிட்டாளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஒரு நாளாவது கூடு நிறையக் கொண்டுவந்து கொட்டிப் பார்க்க வேண்டும் என்று எந்தத் தாய்க்குத்தான் இருக்காது? "சித்த நேரத்துல வந்தர்றோம் சாமி" என்று குஞ்சுகளிடம் சொல்லிவிட்டுப் புருசன் பின்னாலேயே போனாள்.

களத்தில் நெல் கிடந்த கிடையில் வீட்டு நினைப்பே மறந்துபோயிற்று. இன்னும் ஒரு நெல்மணி, இன்னும் ஒரு நெல்மணி என்று வாய்கொள்ளாமல் அடைத்துக்கொண்டு திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. கத்திக் கத்திக் குஞ்சுகளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. சிட்டாள் அவசரத்தில் கடைக்குட்டியின் வாயில் முதல் நெல்லை வைத்தாள்.

உமியோடு வைத்தாள். முறத்தடியில் கிடைக்கும் நொய்க்கு உமி கிடையாது. அந்த வேலையை வேலாத்தாளின் உலக்கை செய்துவிடும். சிட்டாள் அதை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நெல்லின் மூக்கு குஞ்சின் தொண்டையில் குத்தி நின்றது. குஞ்சு வாயைப் பிளந்தது, சத்தம் வரவில்லை.

"ஐயோ ஆத்தா! எங்குழந்தை போகுதே!"

வேலாத்தாள் உலக்கையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். குஞ்சை உள்ளங்கையில் ஏந்தி, ஈர்க்கு நுனியால் நெல்லை நகர்த்தி எடுத்தாள். தன் ராத்திரிச் சாப்பாட்டுக் கஞ்சியில் விரலைத் தோய்த்து ஒரு சொட்டு விட்டாள். வெகுநேரம் கழித்துக் குஞ்சு விழுங்கியது.

"பச்சப் புள்ளைக்கு நெல்லக் குடுப்பாங்களா அம்மிணி?" என்றாள் வேலாத்தாள்.

விடிந்ததும் கருங்கழுத்தன் கூட்டின் விளிம்பில் நின்றான். ஒரு கால் கூட்டுக்குள். இன்னொரு கால் மேட்டுக்களத்தைப் பார்த்து வெளியே நீண்டிருந்தது.

"இன்னைக்கு உமிய உரிச்சே கொண்டாந்தரலாம்."

சிட்டாள் குனிந்து பார்த்தாள். அவள் காலும் அதே மாதிரிதான் நின்றிருந்தது. கூட்டிலிருந்து ஒரு வைக்கோலை உருவி, தன் இரண்டு காலையும் சேர்த்து வைத்து அலகால் இறுக்கிக் கட்டினாள்.

"கிறுக்கு புடிச்சிருச்சா? எப்படி நடப்ப?"

"நடக்க வேண்டாமுங்க. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு நின்னு புள்ளைய எமனுக்குத் தூக்கிக் குடுக்கப் பாத்தேன். இனி எங்க நின்னாலும் ரெண்டு காலும் ஒண்ணா நிக்கட்டும்."

வாசலில் இறங்கினாள். விழுந்தாள். எழுந்து, தத்தித் தத்தி முறத்தடிக்குப் போய் ஒரு நொய்யை எடுத்தாள். வேலியில் உட்கார்ந்திருந்த மைனா வயிறு குலுங்கச் சிரித்தாள். சிட்டாள் திரும்பிப் பார்க்கவில்லை.

கருங்கழுத்தன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு இறங்கி வந்து, இரண்டு காலையும் சேர்த்து வைத்து அவள் முன்னால் நின்றான்.

"எனக்கும் கட்டு புள்ள."

அந்த வைக்கோல் எப்போதோ இற்று விழுந்துவிட்டது. ஆனாலும் அன்று முதல்தான் சிட்டுக்குருவி கால் மாற்றி நடப்பதில்லை. நெல் குவிந்த களம் எத்தனை இருந்தாலும், முறம் தட்டும் சத்தம் கேட்கிற வீட்டு வாசலுக்கே இரண்டு காலும் சேர்த்துத் தத்தித் தத்தி வருகிறது.