அடும்பு ஏன் மரமேறுவதில்லை

அந்தக் காலத்தில் அடும்புக்கொடி தரையில் கிடந்ததில்லை. இன்றைக்குக் கடற்கரை மணலில் ஊதாப் பூவோடு ஓடிக் கிடக்கிறதே, அதே கொடிதான். அப்போது அது மரமேறி. எந்த மரம் உயரமோ அதைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஒரே மழைக்காலத்தில் உச்சிக்குப் போய் உட்கார்ந்துவிடும். செடிகொடிகளும் நண்டு நத்தைகளும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேசியதில் பாதி வம்புதான். மீதிப் பாதியில் ஊர் நடந்தது.

கடலோரத்தில் நாற்பது குடிசைகள் கொண்ட ஒரு குப்பம். குடிசைகளுக்கும் கடலுக்கும் நடுவே மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு மணல்மேடு நீளமாகப் படுத்திருந்தது. மேட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் ஊற்று. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அந்தத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். ஏன் அப்படி என்று ஒருவரும் யோசித்ததில்லை. தினமும் கிடைக்கிற பொருளைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

ஊரின் கடைசிக் குடிசை காத்தாயியுடையது. கலியனைக் கட்டிக்கொண்டு அவள் அந்தக் குப்பத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கலியன் விடிவதற்கு முன்பே கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடுவான். அவன் திரும்புகிறவரை காத்தாயிக்குக் கை ஒரு வேலை செய்யும், மனசு கடலில் கிடக்கும். அவளுக்கு ஆறு வயதிருக்கும்போது அவளுடைய அப்பன் இப்படித்தான் ஒரு காலையில் போனான், வரவேயில்லை. குடிசை வாசலில் நின்று பார்த்தால் மணல்மேடுதான் தெரியும். கடலின் சத்தம் கேட்குமே தவிர, கடல் தெரியாது.

நல்லவேளையாக வாசலில் ஒரு புன்னை மரம் இருந்தது. அதன் உச்சியில் அடும்பு இருந்தது.

"தெரியுதா?" என்று கீழிருந்து கேட்பாள் காத்தாயி.

"தெரியுது. வர்றான். மீன் கம்மிதான், மூஞ்சி தொங்கிக் கிடக்கு" என்று மேலிருந்து சொல்லும் அடும்பு.

அதைக் கேட்ட பிறகுதான் அவள் அடுப்பை மூட்டுவாள். வாயாடிக் கொடிதான். இருந்தாலும் ஊரில் அவளுக்கு அதைவிட நெருங்கிய சிநேகிதி கிடையாது.

ஆவணி மாதத்தில் ஒருநாள் வெயில் ஏறியும் கலியன் வரவில்லை. "தெரியுதா?" என்று காத்தாயி நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் அடும்பு, "கண்ணு கூசுது, ஒண்ணும் பிடிபடலை" என்றது. உச்சிவேளையில் இரண்டு பேர் தோள்கொடுக்க, கலியன் நொண்டிக்கொண்டு மேடேறி வந்தான். கரைக்குப் பக்கத்தில் கட்டுமரம் கவிழ்ந்து, மரத்தின் முனை தொடையில் இடித்திருந்தது. நெடுநேரம் தண்ணீரிலேயே தத்தளித்திருக்கிறான்.

காத்தாயி காயத்துக்குக் கட்டுப் போட்டு முடித்தாள். பிறகு வெளியே வந்து புன்னையை நிமிர்ந்து பார்த்தாள்.

"கவுந்ததைப் பார்த்தியா, பார்க்கலையா?"

கொடி இலைகளை ஒடுக்கிக்கொண்டது. "பார்த்தேன். நீந்திட்டிருந்தான். கரையேறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். நீ துடிச்சுப்போவியே காத்தாயி."

"எம் புருசன் சாகக் கிடந்தான். அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நல்லா இருக்கு நியாயம்" என்றாள் அவள். அதோடு பேச்சு நின்றது.

மறுநாள் அவள் ஊர்த் தலைவரான நாட்டாரிடம் போய் நின்றாள். மணல்மேட்டின் நடுவில் நேராக ஒரு வழி வெட்ட வேண்டும், வாசலில் நின்றால் கடல் தெரிய வேண்டும் என்றாள். நாட்டார் தலையைச் சொறிந்தார். காத்தாயியின் பின்னால் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். எல்லார் வீட்டிலும் காத்திருப்புத்தானே! ஆண்களுக்கும் யோசனை பிடித்துப்போயிற்று. மீன்கூடையோடு மேடேறி இறங்கி முட்டி தேய்கிறதே, நேர்வழி இருந்தால் எவ்வளவு சுகம்!

ஒன்பது நாளில் மேட்டை வெட்டி வழி திறந்தார்கள். வளை போன நண்டுகள் மட்டும் கத்தின. "இன்னைக்கு எங்க வீடு. நாளைக்கு உங்க வீடு, பார்த்துக்கங்க" என்றன. நண்டு எப்போதும் எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கும் என்று ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காத்தாயி முதல்முறையாகத் தன் வாசலில் நின்று கடலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அடுப்பு மூட்டினாள். அதன் பிறகு இரண்டு மாதம் அவள் தலை நிமிர்த்திப் புன்னையைப் பார்க்கவில்லை. அவளுக்குக் கடல் தெரிகிற வழியில் கடலுக்கும் அவள் வாசல் தெரியும் என்பது மட்டும் தோன்றவில்லை.

ஐப்பசி கடைசியில் புயல் வந்தது. முன்பெல்லாம் புயல் வந்தால் அலை மேட்டில் மோதிவிட்டுத் திரும்பிப் போகும். இந்தத் தடவை அதற்கு நேர்வழி இருந்தது. பட்டப்பகலில், இடுப்பளவு தண்ணீர் வெட்டிய வழியில் புகுந்து ஒரே ஓட்டமாக ஊருக்குள் வந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் பனங்காட்டுப் பக்கம் ஓடினார்கள். உயிருக்குச் சேதமில்லை. குடிசைகளில் பதினேழு போயிற்று, காத்தாயியுடையதும் போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு அவள் ஊற்றில் ஒரு கை அள்ளிக் குடித்தாள். உப்புக் கரித்தது. துப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

வெட்டிய இடத்தை அடைத்துவிடலாம் என்று ஊரே கூடை கூடையாக மணல் கொட்டியது. ஒருநாள் கொட்டியதை மறுநாள் காற்று வாரிக்கொண்டு போயிற்று. மார்கழி முழுக்கக் கொட்டியும் வழி முழங்கால் உயரம்கூட மூடவில்லை. குடிதண்ணீருக்குப் பெண்கள் ஒரு காதம் நடந்தார்கள். தை பிறந்ததும் நாட்டார் எல்லாரையும் கூட்டினார்.

"அடுத்த மழைக்கு இந்த வழி இப்படியே கிடந்தா, ஊரு மிஞ்சாது. ஆடிக்குள்ள அடைபடலைன்னா கிளம்பிடுவோம். ஆளுக்கொரு திக்கு, என்ன பண்றது?"

காத்தாயியை யாரும் குற்றம் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் புன்னையடியில் போய் நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கொடிதான் பேசியது.

"என்னை இறக்கு."

"எதுக்கு?"

"மேலேயிருந்து தினம் பார்த்துட்டுத்தானே இருக்கேன். நீங்க கொட்டுற மணலுக்குப் பிடிமானம் இல்லை, அதான் ஓடுது. என்னைக் கொண்டுபோய் அந்த வழியில குறுக்கால படுக்க வை. நான் பிடிச்சு வச்சுக்கறேன்."

காத்தாயி உச்சியை நிமிர்ந்து பார்த்தாள். "படுத்தா உனக்கு ஒண்ணும் தெரியாதே. உச்சியில இருந்து பழகினவ நீ."

"அன்னைக்கு எல்லாம் தெரிஞ்சுதான் என்ன கிழிச்சேன்? உன்கிட்டச் சொல்லலையே" என்றது அடும்பு.

மறுநாள் காலையில் காத்தாயி மரத்தில் ஏறினாள். கிளை கிளையாகச் சுற்றியிருந்த கொடியை ஒடியாமல் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்கக் கொடி நடுங்கியது. தோளில் சுமந்துகொண்டு போய், வெட்டிய வழியின் குறுக்கே நுனிகளைக் கடல் பக்கம் பார்க்க விட்டு நீட்டிப் படுக்கவைத்தாள். விரிந்த இலைமேல் மணல் தங்காமல் வழுக்கியது. அதனால் ஒவ்வோர் இலையையும் நடுவில் மடித்து, இரண்டு கையால் ஏந்துவதுபோல நிறுத்தினாள். ஆயிரம் இலை இருக்கும். இருட்டும்வரை மடித்தாள்.

மாசியில் காற்று திரும்பிக் கடல் பக்கமிருந்து மணலைக் கொண்டுவந்தது. மடித்த இலைகளில் மணல் சேர்ந்தது. சேர்ந்து சேர்ந்து கொடியையே மூடியது.

"மூச்சு முட்டுது காத்தாயி."

"வேணாம், எடுத்துடறேன்."

"எடுக்காதே" என்றது கொடி. அடுத்த வாரம் புதைந்த ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டு, மணலுக்கு மேல் புதிதாகத் தலை நீட்டியது. மறுபடியும் மூடியது மணல். மறுபடியும் நீட்டியது கொடி. இப்படியே ஆனிவரை. ஆடியில் நாட்டார் வந்து பார்த்தபோது வழி இருந்த இடத்தில் அவர் உயரத்துக்கு மேடு எழுந்திருந்தது. அவர் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கூடையைத் தூக்கினார். ஒருவரும் ஊரைவிட்டுக் கிளம்பவில்லை.

"ரெண்டு பேச்சு இருக்கு" என்றது கொடி. "கடலுக்குப் போற வழி இனிமே நேரா இருக்கக் கூடாது. மேட்டைச் சுத்தி வளைஞ்சு போங்க. அலைக்கு வளைஞ்சு வரத் தெரியாது. இன்னொண்ணு, என் முதுகுல குறுக்கால நடக்காதீங்க."

"என் பக்கம் ஒரு பேச்சு இருக்கு" என்றாள் காத்தாயி. "நல்லதோ கெட்டதோ, பார்த்ததைச் சொல்லிடணும்."

"சொல்லிடறேன்" என்றது அடும்பு.

கார்த்திகையில் வந்த புயல் முந்தினதைவிடப் பெரிது. ஒரு பகலும் ஓர் இரவும் அலை மேட்டில் அறைந்தது. முன்பக்கத்தை வாரிக்கொண்டு போயிற்று. பாதி மேடு கரைந்தது. மீதிப் பாதி நின்றது. ஒரு சொட்டுக் கடல் ஊருக்குள் வரவில்லை.

புயல் ஓய்ந்ததும் காத்தாயி வளைந்த வழியாக ஓடினாள். மேட்டின் கடல்பக்கத்தில் கொடியைக் காணோம். அறுந்த வேர்கள் காற்றில் தொங்கின. "அடும்பு" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. மணலைத் தோண்டப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். தோண்டினால் மேடு சரியுமே! அன்றும் அடுத்த நாளும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கலியன் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

நாலாம் நாள் கடல் அடங்கியது, கட்டுமரங்கள் போயின. காத்தாயி பழைய இடத்திலேயே மறுபடி கட்டியிருந்த குடிசைக்குத் திரும்பி, வாசலில் நின்றாள். எதிரே மணல்மேடு. கடல் தெரியவில்லை. பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது.

"தெரியுதா?"

மேட்டின் உச்சியில், மணலைப் பிளந்துகொண்டு ஓர் ஊதாப் பூ வாய் திறந்திருந்தது.

"தெரியுது. வர்றான். மீன் கம்மிதான்."

காத்தாயி அழுதுகொண்டே அடுப்பை மூட்டினாள். இரண்டு மழை கழித்து ஊற்றுத் தண்ணீரும் பழையபடி இனித்தது.

அன்று முதல்தான் அடும்பு மரமேறுவதை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்துத் தரையில் ஓடுகிறது. அதன் இலை நடுவில் மடிந்து இரண்டாகத் தெரிவதும், கடலோரக் குப்பங்களில் கரைக்குப் போகும் வழி வளைந்து போவதும் அன்றிலிருந்துதான். அதன் பேச்சு நம் காதுக்கு எட்டாமல் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இருந்தாலும் படகுகள் கரைசேருகிற காலை நேரத்தில் அது இன்றைக்கும் பூவாய் திறக்கிறது, எல்லாரும் வந்து சேர்ந்த பிறகுதான் மூடுகிறது.