முன் சக்கரத்து நட்

சீடருக்கு வயது அறுபது. குருவுக்கு முப்பத்தொன்று.

குருவின் பெயர் கோகிலவாணி. மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி சாலையோரம் பைக் பட்டறை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. அன்று மதியம், வீட்டிலேயே வண்டியைப் பார்த்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பார். முதல் வாரம் ஒன்பது பேர் வந்தார்கள். கையில் கிரீஸ் பட்டதும் ஆறு பேர் காணாமல் போனார்கள். ஆயில் மாற்றக் கற்றுக்கொண்டதும் இரண்டு பேர் தாங்களே பெரிய மெக்கானிக் ஆகிவிட்டதாக நினைத்து நின்றுவிட்டார்கள். மிஞ்சியவர் வெள்ளிங்கிரி.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஆள். குருவை 'அம்மிணி' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் பேச்சில் மரியாதை ஒருநாளும் குறைந்ததில்லை.

அவர் அங்கே வந்ததற்குக் காரணம் பயம். வேறு ஒன்றும் இல்லை.

அவருடைய மகள் தாரணி கோத்தகிரியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். தினமும் மலையேறுவதும் இறங்குவதும் பைக்கில்தான். ஐப்பசியில் ஒரு நாள் எங்கேயோ முன் டயரை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் சக்கரம் ஆட ஆரம்பித்தது. எப்படியோ தடுப்புச் சுவரில் உரசி வண்டியை நிறுத்திவிட்டாள். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. இறங்கிப் பார்த்தால் சக்கரத்து அச்சின் முனையில் நட்டே இல்லை. டயர் மாற்றியவன் கையால் திருகிவிட்டு, இறுக்க மறந்திருந்தான்.

செய்தி கேட்டு ஓடிய வெள்ளிங்கிரி அந்தச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். அப்படிப் பார்த்திருக்கக் கூடாது. அந்தப் பள்ளம் அதற்குப் பிறகு அவர் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

இனி மகளின் வண்டியில் வேறு யார் கையும் படக்கூடாது என்று முடிவு செய்தார். குருவிடம் சேர்ந்தார். குருவிடம் சொல்லாமல் ஒரு இம்பாக்ட் ரெஞ்சும் வாங்கிவைத்துக்கொண்டார். துப்பாக்கி மாதிரி இருக்கும், பேட்டரியில் ஓடும். உள்ளேயிருந்து டகடகவென்று அடித்து அடித்து நட்டைத் திருப்பும். அந்தச் சத்தம் கேட்டால் அவருக்கு நெஞ்சில் ஒரு தெம்பு.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு தாளோடு வந்தார். நானூறு, எழுநூறு, ஆயிரம் என்று இதே மாதிரி மிஷின்களின் பலத்தை வரிசையாக எழுதியிருந்தார்.

"அம்மிணி, இதுல எதை வாங்கறதுங்க? வீட்டு உபயோகத்துக்குத்தான். பலமா இருக்கறதாப் பாத்துச் சொல்லுங்க."

எதற்கு என்று குரு கேட்டார். ஏற்கெனவே சின்னதாக ஒன்று இருப்பதையும், அதற்குப் பலம் போதவில்லை என்பதையும் சீடர் அப்போதுதான் சொன்னார்.

"பத்தலைன்னு எப்படித் தெரியுமுங்கய்யா?"

"தெனமும் காலையில முன் சக்கரத்து நட்டை இறுக்கறனுங்க. தெனமும் ஒரு நக அளவு திரும்புது. அப்ப ராத்திரியில தானா லூசாகுதுன்னுதானுங்களே அர்த்தம்?"

"எத்தனை நாளா?"

"பத்தொம்பது நாளாச்சுங்க."

குரு அந்தத் தாளை மடித்து ஓரமாக வைத்தார். பழைய இரும்பு டப்பாவில் இருந்து ஒரு போல்ட்டை எடுத்து வைஸ் இடுக்கியில் பிடித்தார். நட்டை மாட்டி, நீளமான ஸ்பேனரைக் கொடுத்து இறுக்கச் சொன்னார். சீடர் இறுக்கினார். நன்றாக இறுகியது.

"இன்னும்" என்றார் குரு.

இழுத்தார். ஒரு நக அளவு திரும்பியது.

"இன்னும்."

மறுபடியும் ஒரு நக அளவு. இதேதான், தினமும் இதேதான் நடக்கிறது என்று சீடர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸ்பேனர் லேசாகப் போய்விட்டது. நட் வெண்ணெயில் திரும்புவது போலத் திரும்பியது. குரு அதை இரண்டு விரலால் இழுத்து எடுத்தார். போல்ட்டின் மரை முழுக்கப் பிய்ந்து நட்டோடு வந்திருந்தது.

சீடர் அதையே பார்த்தார். புரிய அதிக நேரம் ஆகவில்லை.

"அது லூசாகலீங்கய்யா" என்றார் குரு. "நீங்க இழுக்க இழுக்க இரும்பு விட்டுக் குடுத்துட்டு வந்திருக்குது. இன்னிக்குச் சாயங்காலம் நான் வந்து மாத்தித் தர்றேன். அதுவரைக்கும் யாரும் வண்டியை எடுக்க வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை வண்டி வீட்டில் நிற்கும் என்று குரு நினைத்திருந்தார். குருவானாலும் எல்லாம் தெரியுமா என்ன? தோழி ஒருத்திக்காக டியூட்டி மாற்றிக்கொண்டு தாரணி அரை மணி நேரத்துக்கு முன்பே மலைக்குக் கிளம்பியிருந்தாள்.

அதைச் சொல்லிவிட்டுச் சீடர் மகளுக்குப் போன் செய்தார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தார். வண்டி ஓட்டும்போது போனை எடுக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

குரு குஞ்சப்பனை செக்போஸ்டில் டீக்கடை வைத்திருக்கும் அந்தோணிக்குப் போன் செய்தார். சிவப்பு பைக், நர்ஸ் பெண், வந்தால் சாவியைப் பிடுங்கி வையுங்கள் என்றார். அப்படி ஒரு வண்டி ஏற்கெனவே போய்விட்டதா என்று அந்தோணிக்குத் தெரியவில்லை. வடை போட்டுக்கொண்டிருந்தாராம். இனிமேல் சாலையில் நிற்பதாகச் சொன்னார்.

"போலாமுங்க அம்மிணி, போலாம்" என்று சீடர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார்.

குரு கிளம்பவில்லை. பழுதுக்கு வந்து நின்ற, தாரணியுடைய அதே மாடல் வண்டியின் முன் சக்கரத்தருகில் உட்கார்ந்து அச்சைக் கழற்றத் தொடங்கினார்.

"மொதல்ல போய் நிறுத்தலாமுங்க!"

"நிறுத்திப்போட்டு எதை மாட்டறதுங்கய்யா?"

ஸ்பேனர் வழுக்கிக் குருவின் விரல் முட்டி இரும்பில் மோதியது. எத்தனையோ வண்டி கழற்றிய கை அது. அதுவே வழுக்குவதைச் சீடர் பார்த்துவிட்டார். அதுவரைக்கும் பாதி பயந்திருந்தவர் அப்போது முழுதாகப் பயந்தார்.

மலைப்பாதையில் குரு ஓட்ட, சீடர் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் தடுப்புச் சுவரைப் பார்த்துக்கொண்டே போனார். சுவரில் புதுக் கீறல் இருக்கிறதா, தரையில் கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று தேடினார். கடவுளிடம் என்ன வேண்டிக்கொள்வது என்றுகூட ஓடவில்லை. நான் இறுக்கினது, நான் இறுக்கினது என்பது மட்டும்தான் ஓடியது.

ஐந்தாவது வளைவில் கார்கள் நின்றிருந்தன. ஏழெட்டுப் பேர் சுவரோரம் கூடி, கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீடர் குருவின் தோளைப் பிடித்த பிடியில் வண்டியே ஒரு பக்கம் சாய்ந்தது. குரு நிறுத்தினார். சீடர் இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றார். குருதான் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"கொரங்குங்க. போட்டோ எடுக்கறாங்க."

அந்த மனிதர்கள் மேல் சீடருக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அழுகையும் கூடவே வந்தது.

செக்போஸ்டுக்கு வந்தபோது டீக்கடை பெஞ்சில் தாரணி உட்கார்ந்திருந்தாள். எதிரில் சிவப்பு வண்டி. சாவி அந்தோணியின் சட்டைப் பையில். டியூட்டிக்கு நேரமாகிறது, யாரோ ஒருவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு காரணமும் சொல்லமாட்டேன் என்கிறார் என்று அவள் கோபத்தில் இருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் கோபம் அடங்கிவிட்டது.

சீடர் அவள் தோளைத் தொட்டார். தலையைத் தொட்டார்.

குரு முன் சக்கரத்து நட்டில் ஸ்பேனரை வைத்தார். அது இறுகவும் இல்லை, கழலவும் இல்லை. சும்மா சுற்றியது. இரண்டு விரலால் இழுத்ததும் கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல்நூலாகப் பிய்ந்த இரும்போடு. குரு அதைச் சீடரின் உள்ளங்கையில் வைத்தார்.

பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னால் ஒரு சத்தம் வந்துகொண்டிருந்ததாகவும், மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டதாகவும் தாரணி மெதுவாகச் சொன்னாள். அப்புறம் யார் இப்படிச் செய்தது என்று கேட்டாள்.

"நாந்தான் கண்ணு" என்றார் சீடர். "உனக்கு ஒன்னும் ஆயிரக்கூடாதுன்னுதான்."

அவள் அவர் கையில் இருந்த நட்டை எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பெஞ்சின் மேல் வைத்தாள்.

குரு பட்டறையில் கழற்றிக் கொண்டுவந்த அச்சை ஏற்றி, நட்டைக் கையால் திருகினார். பையில் இருந்து டார்க் ரெஞ்சை எடுத்தார். நீளக் கைப்பிடி, சொன்ன அளவு இறுகியதும் டக்கென்று ஒரு சத்தம் கொடுக்கும். அதைச் சீடரிடம் நீட்டினார்.

"என் கை வேண்டாமுங்க அம்மிணி."

"உங்க கைதானுங்கய்யா தெனமும் வீட்ல இருக்கும். புடிங்க."

சீடர் பிடித்து இழுத்தார். டக் என்றது. நிறுத்தாமல் மறுபடியும் இழுக்கப் போனார். குரு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அதுதான் சொல்லிருச்சுல்லீங்க."

"அப்ப நான் வாங்கணும்னு இருந்த மிஷினுங்க?"

"உங்ககிட்ட இருக்கற சின்னதே தாராளமுங்க. துருப்பிடிச்சு வராம நிக்கற நட்டைக் கழட்டறதுக்கு மட்டும் அதை எடுங்க. இறுக்கறதுக்கு வேண்டாம். அதுக்குப் போதும்னு சொல்லத் தெரியாது."

தாரணியிடம் நெயில் பாலிஷ் இருக்கிறதா என்று குரு கேட்டார். டியூட்டியில் போட விடமாட்டார்கள், ஆனால் பையில் இருக்கும். மெரூன் நிறம். குரு அதை வாங்கி, நட்டின் மேல் தொடங்கி அச்சின் முனை வரைக்கும் ஒரே கோடாக இழுத்தார்.

"இது நேராவே இருந்தா நட்டு அசையலைன்னு அர்த்தம். காலையில எந்திரிச்சதும் பாருங்க."

"பாத்துட்டு, சும்மா ஒருக்கா ஸ்பேனரை வெச்சு…"

"பாக்கறதோட சரிங்க."

கோடு காயும் வரைக்கும் எல்லோரும் டீ குடித்தார்கள். சீடரின் டீ ஆறிப்போயிற்று. அந்தோணி சாவியைக் கொடுத்தார். தாரணி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். மேலே பனி இறங்க ஆரம்பித்திருந்தது. இன்னும் எத்தனையோ வளைவு பாக்கி.

வண்டி நகரவில்லை.

"அப்பா" என்றாள் அவள், திரும்பாமல்.

சீடர் சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். குருவைப் பார்த்தார்.

"எனக்குப் பயம் போகலீங்களே அம்மிணி."

"அது போகாதுங்கய்யா" என்றார் குரு. "கையை எடுங்க. புள்ளைக்கு நேரமாச்சு."