வசந்த மண்டபத்துக் கைதிகள்

செம்பியூரை ஆண்ட மகுடவர்மருக்குக் கூத்து என்றால் உயிர். அதிலும் கூத்தர் அழகியநம்பி மேடை ஏறினால் மன்னருக்குச் சாப்பாடே மறந்துபோகும். மன்னர் மட்டுமா? ஊரில் பிறந்த ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நம்பி என்றுதான் பெயர்.

அந்த அழகியநம்பி ஒரு சந்தை நாளில், கள் மயக்கத்தோடு குதிரை வண்டியை விரட்டிக்கொண்டு போனார். மோர்க்காரி பொன்னாச்சி மேல் வண்டி ஏறியது. பானை உடைந்தது, காலும் உடைந்தது. வண்டி நிற்கவில்லை.

மறுநாள் அவை கூடியது. வெளியே ஒரு பெரும் கூட்டம், "எங்கள் நம்பியை விடு!" என்று கத்திக்கொண்டிருந்தது. உள்ளே அமைச்சர் மாவலிராயர் எழுந்தார்.

"தலையை வாங்குங்கள், மன்னா! ஊரறிந்த ஆள். இவன் தலை உருண்டால்தான் மற்றவர்களுக்குப் பயம் வரும்."

அவருக்கு உள்ளுக்குள் வேறு கோபம். நம்பியின் கூத்தைப் பார்த்து அமைச்சரின் மனைவி அழுகிற அழுகை இருக்கிறதே, அவர் காய்ச்சலில் கிடந்தபோதுகூட அந்த அம்மாள் அப்படி அழுததில்லை.

மன்னர் நெளிந்தார். பக்கத்தில் நின்ற சேந்தனைப் பார்த்தார். சேந்தன்தான் ஓலைநாயகம், அரசாணை எல்லாம் அவன் எழுத்தாணியில்தான் பிறக்கும்.

"இதற்குச் சட்டம் என்ன, சேந்தா?"

"ஆறு மாதம் கல்லுடைக்க வேண்டும், மன்னா. போன மாதம் வண்டிக்காரன் காத்தான் இதே குற்றத்துக்குத்தான் போனான்."

"ஆறு மாதம் சரி. ஆனால் கல் தெறித்து அந்த முகத்தில் பட்டால்? நம்பி வசந்த மண்டபத்தில் இருக்கட்டும். பஞ்சு மெத்தை, நெய்ச்சோறு, கால் பிடிக்க ஆள். அப்படி ஆணை எழுது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பாரபட்சம் என்று ஊரில் ஒரு வாய் திறந்தாலும், கல்லுடைக்க நீதான் போவாய்!"

சேந்தன் எழுத்தாணியை இடுப்பில் செருகிக்கொண்டான். நேரே பொன்னாச்சி வீட்டுக்குப் போனான். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய காலோடு அவள் படுத்திருந்தாள்.

"அவரு கூத்தைப் பார்த்து நானும் அழுதிருக்கேன், சாமி" என்றாள். "அதுக்காக என் கால் சீக்கிரம் கூடிருமா? காத்தான் வண்டி ஏறுனவனுக்கு எப்படி வலிச்சுதோ, எனக்கும் அப்படித்தானே வலிக்குது?"

அங்கேயே சேந்தனுக்கு வழி தெரிந்துவிட்டது. விறுவிறுவென்று ஆணையை எழுதினான். "வண்டி ஏற்றி ஆளை முடமாக்கியவர்க்கு ஆறு மாதச் சிறை. சிறை, வசந்த மண்டபம். படுக்கை, பஞ்சு மெத்தை. உணவு, நெய்ச்சோறு. கால் பிடிக்க ஆள் உண்டு."

மன்னர் படித்தார். "நம்பியின் பெயரே இல்லையே! கெட்டிக்காரன். இனி யார் வாய் திறப்பார்கள்?" என்று முத்திரையைக் குத்தினார்.

பத்து நாள் கழித்து மன்னருக்குக் கூத்து ஆசை வந்துவிட்டது. மாவலிராயரையும் சேந்தனையும் கூட்டிக்கொண்டு வசந்த மண்டபத்துக்குப் போனார்.

உள்ளே ஊஞ்சலில் ஒரு முரட்டு ஆள் வெற்றிலை மென்றபடி ஆடிக்கொண்டிருந்தான். காலை ஒருவன் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். மெத்தைகளில் இன்னும் ஆறு பேர். அழகியநம்பி தூணோரம் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரடா நீ?" என்று மன்னர் அதட்டினார்.

"காத்தானுங்க, மகாராசா! நானும் ஆள் மேல வண்டி ஏத்துனவன்தான். உங்க ஆணை வந்ததும் கல்லுடைக்கிற எடத்துலேருந்து எங்க எல்லாரையும் கூட்டியாந்துட்டாங்க. நெய் மட்டும் இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்க."

வாசலில் வேறு ஒரு நீண்ட வரிசை. முதலில் நின்றவன் கும்பிட்டான். "நான் மாமியார் மேல வண்டி ஏத்திட்டேனுங்க."

"எப்போது?"

"நாளைக்கு. மாமியாருக்கும் சம்மதம்தான். அவங்களையும் உள்ளே சேர்த்துக்கணுமாம்."

"சேந்தா!" மன்னர் குரலில் மண்டபம் அதிர்ந்தது.

"மன்னா, பாரபட்சம் என்று யாராவது வாய் திறந்தார்களா?"

மன்னரின் மீசை துடித்தது, அது கோபத்திலா சிரிப்பிலா என்று தெரியவில்லை. "எல்லாரையும் கல்லுடைக்க அனுப்பு" என்றார்.

"எல்லாரையுமா?"

மன்னர் நம்பியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "எல்லாரையும்தான்."

மாவலிராயர் துள்ளினார். "அப்படியானால் நம்பிக்கு மட்டும் பன்னிரண்டு மாதம்! ஊரறிந்தவனுக்கு இரண்டு மடங்கு!"

"அப்படியே எழுதிவிடுகிறேன்" என்று சேந்தன் எழுத்தாணியை எடுத்தான். "ஊரறிந்தவர் யாராயினும் இரண்டு மடங்கு. அமைச்சரே, உங்களையும் ஊருக்கே தெரியும். போன வாரம் உங்கள் பல்லக்கு மீன்காரரை இடித்துத் தள்ளியதாக ஒரு புகார் வந்திருக்கிறது..."

"ஆறு மாதமே போதும், போதும்!" என்று அமைச்சர் பின்வாங்கினார்.

நம்பி மெல்ல எழுந்தார். "நான் போகிறேன், மன்னா. காத்தான் விடும் குறட்டையில் பத்து நாளாக எனக்குத் தூக்கமே இல்லை." கொஞ்சம் தயங்கினார். "சேந்தரே, அந்த அம்மாளுக்குக் கால் எப்படி இருக்கிறது?"

அரண்மனையில் அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி அது. மன்னர் தலையைக் குனிந்துகொண்டார். பொன்னாச்சிக்கு வைத்தியரையும், கறவை எருமை இரண்டையும் உடனே அனுப்பச் சொன்னார். கையிலிருந்த காப்பைக் கழற்றிச் சேந்தனுக்குப் போட்டார்.

காவலர் நம்பியை அழைத்துப் போனார்கள். மன்னர் பெருமூச்சு விட்டார்.

"ஆறு மாதம் கூத்தில்லாமல் நான் எப்படியடா இருப்பேன்?"

"கல்லுடைக்கிற இடத்தில் சாயங்காலம் அவர் ஆடினால் யார் தடுக்கப்போகிறார்கள், மன்னா? ஆனால் ஆள் மேல் வண்டி ஏற்றியவர்களைத்தான் உள்ளே விடுவார்கள்" என்றான் சேந்தன் பணிவாக. "தேரைப் பூட்டச் சொல்லட்டுமா?"