ஏழாம் அத்தியாயத்து மது

புதுச்சேரிக் கடற்கரையில் பிலோமினா நடத்திவந்த மதுக்கூடத்தில் வேதமூர்த்தி தொழில் பழகிக்கொண்டிருந்தார். சிஷ்யருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்தாறு.

ஊரெல்லாம் படித்த ஒரு நாவலின் ஏழாம் அத்தியாயத்தில் 'கலங்கரை' என்றொரு காக்டெயில் வருகிறது. ஜின் இரண்டு பங்கு, எலுமிச்சை ஒரு பங்கு, பனங்கற்கண்டுப் பாகு, நாலு ஐஸ் கட்டி. மங்களவல்லி டீச்சர் சனிக்கிழமைதோறும் வந்து அதைக் கேட்பார். ஒரு வாய் குடிப்பார். "இது அது இல்ல தம்பி" என்று தள்ளிவைப்பார். ஐந்து சனிக்கிழமைகள் போயின.

"இன்னிக்கும் தள்ளிவெச்சாங்கன்னா ஏப்ரனைக் கழட்டிட்டுப் போயிடறேன் மாஸ்டர்."

"கழட்டுங்க. துவைச்சு ரொம்ப நாளாச்சு."

"சிரிக்காதீங்க. அளவு பிசகவே இல்ல. இதை எழுதினவர் எந்த ஜின் குடிச்சாரோ!"

"அவர் மோரைத் தாண்டி எதுவும் குடிச்சதில்ல சார்."

"அப்ப அந்த ருசி எங்கிருந்து வந்துச்சு?"

பிலோமினா கவுன்டரைப் பார்த்தார். அளவுகள் உள்ள பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் செய்து ஒட்டிவைத்திருந்தார் வேதமூர்த்தி.

"அடுத்த பக்கம் எங்க?"

"அதுல அளவு எதுவும் இல்லையே."

பிலோமினா புத்தகத்தை எடுத்து நீட்டினார். வேதமூர்த்தி நின்றபடியே படித்தார். கலங்கரை விளக்கின் காவலன் கிளாஸை ஜன்னலில் வைக்கிறான். கடலுக்குப் போன தம்பியின் படகைத் தேடி நிற்கிறான். ஐஸ் முழுக்கக் கரைகிறது. படகு கண்ணில் பட்ட பிறகுதான் முதல் வாய்.

டீச்சர் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். வேதமூர்த்தி கிளாஸை வைத்தார்.

"இப்பக் குடிக்காதீங்கம்மா. படகு வரட்டும்."

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். முக்கால் மணி நேரம் பார்த்தார். முதல் படகு கரைப்பக்கம் திரும்பியதும் கிளாஸை எடுத்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அதே அளவில் இன்னொன்று கலந்து, அதே முக்கால் மணி நேரம் கவுன்டரில் விட்டிருந்தார் வேதமூர்த்தி. ஆவலோடு ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தார்.

"வெறும் தண்ணியா இருக்கே மாஸ்டர்!"

காலிக் கிளாஸைக் கழுவிக்கொண்டே பிலோமினா கேட்டார்:

"நீங்க யாருக்காகக் காத்திருந்தீங்க?"