மாப்பிள்ளை தலைக்கு மேல் மூன்று பொத்தான்

மந்தையூர்க்காரர்கள் எதையும் யோசிக்காமல் செய்ய மாட்டார்கள். அவர்கள் படும் கஷ்டத்துக்கெல்லாம் அதுதான் காரணம்.

அந்த ஊர்த் திருமணத் தகவல் மையத்தில் குமாஸ்தா தண்டாயுதம். வயது முப்பத்தெட்டு. ஊரில் பாதிப் பேருக்கு வரன் பார்த்துக் கொடுத்த மனிதருக்குத் தனக்கொன்று அமையவில்லை. வருகிற பெண்வீட்டார் கம்ப்யூட்டரில் அவர் படத்தைப் பார்ப்பார்கள், முகத்தைச் சுளிப்பார்கள், காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் முதலாளி பூவராகன். திரையின் மேல் மூலையைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க பாரும்யா, உம்ம தலைக்கு மேல என்ன போட்டிருக்கு? முதல்ல ஒரு கழித்தல் குறி. மாப்பிள்ளைகிட்ட ஏதோ குறைன்னு அர்த்தம். அடுத்தது வெறும் கட்டம். ஜாதகமே இல்லை. கடைசியில சிவப்பா, பெருக்கல் குறி மாதிரி குறுக்குக் கோடு. வாத்தியார் தப்புக்குப் போடுவாரே, அதேதான்!"

தண்டாயுதம் திரையை உற்றுப் பார்த்தார். எட்டு வருஷமாக அந்தக் குறிகளுக்குக் கீழேயா இளித்துக்கொண்டிருந்தோம்!

வெள்ளிக்கிழமை அஞ்சுகம் வீட்டார் வருவதாக இருந்தது. அஞ்சுகத்தின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வரனும் தட்டிப்போனால் தாங்கவே மாட்டார்.

முதலில் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள். திரை பளபளத்தது, குறி அழியவில்லை. பிறகு சந்தனப் பொட்டு வைத்து மறைத்தார்கள். படத்தைக் கொஞ்சம் நகர்த்தியதும் பொட்டு தண்டாயுதத்தின் மூக்கில் வந்து உட்கார்ந்தது.

கடைசியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சேவியரைக் கூப்பிட்டார்கள்.

"இது படத்தைச் சுருக்க, விரிக்க, மூட வெச்சிருக்கற பட்டனுங்க. எப்படி வேணும்னாலும் மாத்தலாங்க. ஆனா தோற்றம்தான் மாறும். அது செய்யற வேலை பழையபடிதான். மறந்துடாதீங்க."

"தம்பி, அதுங்களை வேலை செய்யச் சொல்லி யாரு கேட்டா? லட்சணமா இருந்தா போதும்" என்றார் பூவராகன்.

கழித்தல் குறி கூட்டல் குறியானது. வெறும் கட்டத்துக்குள் பன்னிரண்டு வீடுகள் முளைத்தன. குருவை எங்கே உட்கார வைப்பது என்று மட்டும் மத்தியானம் வரை வாக்குவாதம் நடந்தது. சிவப்புக் கோடு போன இடத்தில் பச்சையாக ஒரு சரிக்குறி வந்தது.

வெள்ளிக்கிழமை பெண்வீட்டார் வந்தார்கள். பக்கத்து ஊர்தான், குடிப்பதும் அதே ஆற்றுத் தண்ணீர். அஞ்சுகத்தின் அப்பா நமசிவாயம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"அடடே, மேலேயே சரின்னு போட்டிருக்கே!"

"பிடிச்சிருந்தா பொண்ணே அந்தச் சரியை அமுக்கட்டும்" என்றார் பூவராகன் பெருமையாக.

அஞ்சுகம் வெட்கத்தோடு அமுக்கினாள். படக்கென்று மாப்பிள்ளையைக் காணோம். திரையில் ஒரு நீல மலையும் புல்வெளியும்தான் இருந்தன.

"ஐயையோ! பொண்ணு சம்மதம் சொன்னதும் மாப்பிள்ளை மலைப்பக்கம் ஓடிட்டாரே!" என்று நமசிவாயம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

காபித் தட்டோடு நின்ற தண்டாயுதத்துக்கு ரத்தம் கொதித்தது. "சே, என்ன மனுஷன் அவன்! இப்படி ஒரு பொண்ணை விட்டுட்டு ஓடுவானா?"

அஞ்சுகம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, ஓடினவரை விடுங்க. எனக்காக இவ்வளவு கோபப்படுறாரே, இவரையே கட்டிக்கிறேன்."

தண்டாயுதம் சந்தோஷத்தில் எல்லோருக்கும் இன்னொரு சுற்றுக் காபி கொடுத்தார். கூடவே ஒரு பயமும் பிடித்துக்கொண்டது. ஓடிப்போனவன் மனசு மாறித் திரும்பி வந்து கல்யாணத்தில் கலாட்டா செய்தால் என்ன ஆவது?

அதற்கும் பூவராகன் வழி செய்தார். கல்யாண மண்டப வாசலில் இரண்டு தடியர்களை நிறுத்தி, கம்ப்யூட்டரில் இருந்த படத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்தார். "இந்த மூஞ்சி வந்தா உள்ளே விடாதீங்க."

முகூர்த்த நாள் காலையில் தண்டாயுதம் கோயிலுக்குப் போய்விட்டு மாலையும் கழுத்துமாக வந்தார். தடியர்கள் படத்தைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், குறுக்கே கையை நீட்டினார்கள்.

"எங்கே, காட்டுங்க" என்று தண்டாயுதம் படத்தை வாங்கிப் பார்த்தார். "அவனேதான்! பலே, இப்படித்தான் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்க்கணும். தள்ளுங்க, நானும் நிக்கிறேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களுக்கு நடுவே நின்றார். உள்ளே ஐயர் அவசரப்பட்டார். "நாழியாறது, மாப்பிள்ளையை அழைச்சுண்டு வாங்கோ!"

வாசலிலிருந்து தண்டாயுதம் உரக்கக் குரல் கொடுத்தார். "பயப்படாதீங்க சாமி, நான் இருக்கிற வரைக்கும் அவன் உள்ளே வரமாட்டான்!"