வால் உதிராத கருமணி

தாமரைக் குளம் ஒன்றில் தவளைகள் பல வாழ்ந்தன. பாடுவதற்கு உயர்ந்த இடம் வேண்டும் என்று அவை ஒரு மூலையில் சேற்றால் வரப்பு எழுப்பின. அதனால் வரப்புக்கு அப்பால் இருந்த சிறு பள்ளம் குளத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. தலைப்பிரட்டைகள் வளர்ந்ததோ அந்தப் பள்ளத்தில்தான்.

கோடை வந்தது. பள்ளத்து நீர் இரண்டு விரல் ஆழத்திற்கு வற்றியது. தவளைகளோ வரப்பில் அமர்ந்து தம் குளத்தின் பெருமையைப் பாடிக்கொண்டிருந்தன.

கருமணி என்னும் தலைப்பிரட்டை நீருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஐயா, பாட்டைச் சற்று நிறுத்துங்கள்! வரப்பில் ஒரு வழி திறந்துவிடுங்கள்! இல்லையேல் நான்கே நாளில் நாங்கள் காய்ந்து போவோம்!"

சபைத் தலைவர் பெருந்தொண்டையார் கண்களை உருட்டினார். "வால் உள்ளவர் சபையில் பேசலாகாது. அது நம் வழக்கம். உதிர்ந்ததும் வா, கேட்கிறோம்!"

"எனக்கு வால் உதிர இருபது நாள் ஆகுமே, ஐயா!"

"பொறுமையும் ஒரு கல்விதான், பெண்ணே!"

"ஆகா! ஆகா!" என்றன மற்றத் தவளைகள்.

பள்ளத்தில் நெடுங்காலன் என்பவனுக்கு மட்டும் கால்கள் முளைத்து, வால் உதிரும் தறுவாயில் இருந்தது. "கவலைப்படாதே, தங்கச்சி! நாளை வரப்பில் ஏறியதும் என் முதல் பேச்சே நம் பேச்சுதான்!" என்றான்.

மறுநாள் வால் உதிர்ந்தது. அவன் ஏறினான். தலைப்பிரட்டைகள் ஆரவாரித்தன. அவன் வசதியாக அமர்ந்தான். ஒரு கொசுவைப் பிடித்து விழுங்கினான். காற்று சுகமாக வீசியது.

"அண்ணா, பேசுங்கள்!"

நெடுங்காலன் குனிந்து பார்த்தான். "இங்கிருந்து பார்த்தால் நீர் போதுமானதாகத்தான் தெரிகிறது!"

கருமணி "சரி, வாலோடே பேசுகிறேன்!" என்று வாலால் நீரை ஓங்கி அடித்தாள். எல்லாத் தலைப்பிரட்டைகளும் அடித்தன. பாடகர்களின் முகமெல்லாம் சேறு!

"தலைவரே! நீர் போதுமென்றால் இறங்கி ஒரு முழுக்குப் போடுங்கள்!" என்றாள் கருமணி.

"இதோ பார்!" என்று பெருந்தொண்டையார் வீராப்போடு குதித்தார்.

சொத்! வயிறு சேற்றில் புதைந்தது. முதுகு வெயிலில் காய்ந்தது. எம்பினார், எழ முடியவில்லை. பாடிப் பார்த்தார், பாதிக் குரல்கூட வரவில்லை.

"முதுகு நனைந்ததா, ஐயா?" என்று கருமணி மிகுந்த பணிவோடு கேட்டாள்.

பெருந்தொண்டையார் கத்தினார்: "வரப்பைத் திறவுங்கள்!"

நெடுங்காலன் தயங்கினான். "கேட்டவளுக்கு வால் இருக்கிறதே, ஐயா!"

"நேற்றுவரை உனக்கும் இருந்ததடா! தோண்டு!"

தவளைகள் பின்னங்கால்களால் சேற்றைத் தள்ளின. நீர் பாய்ந்து வந்தது. கருமணி வாலை ஆட்டியபடி குளத்திற்குள் நீந்திச் சென்றாள்.

தம்மைச் சுடும் துன்பத்தை இளையோர் எடுத்துச் சொல்லும்போது, வயது வரட்டும் என்று அவர்கள் வாயை அடைப்பது நீதி ஆகாது.